மூன்று நிமிடம்

அளவுநாடாவோடு வந்தவர்
காலணியைக் கழற்றவில்லை.
"மலூமே, பாய்" என்றான் லுயாண்டா.
மாமா என்றுதான் கூப்பிட்டான்.
கேஸ்வா அவர்களுக்கு அது புரியாமலா இருக்கும்?
குனிந்து
கராஜின் நீளத்தை அளந்தார்.
நாடாவின் மறுமுனையை
நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்,
விளையாட்டென்று.

தலைக்கு ஒன்றரைச் சதுர மீட்டர்.
எங்களிடம் நான்கு பிள்ளை அதிகமாம்.
"எந்த நான்கு?" என்று கேட்டேன்.
அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

பதிவு இருந்தால் பிள்ளைக்கு நாளொன்றுக்குப்
பதினேழு ராண்ட்.
பதிவுக்கு இரண்டாவது கழிப்பிடம் வேண்டும்.
இரண்டாவது கழிப்பிடத்துக்கு
அந்தப் பதினேழு ராண்ட் வேண்டும்.
தெம்பிசிலே கஞ்சி கிளறியபடி சிரித்தாள்.
அவளுக்கு நான் பாதிச் சம்பளம் பாக்கி,
நவம்பரிலிருந்து.

மெரிபேங்கில் காற்று தெற்கே திரும்பினால்
ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாட்டு.
மேல்தட்டில் இழுப்புமருந்து இரண்டு,
பெயர் ஒட்டியவை.
ஐந்து இருபதுக்கு முதல் பிள்ளை வரும்,
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போகும் அம்மாவின்
ஈரக் குடைக்குள்ளிருந்து.
ஐந்துக்குப் பிறகு ஏழு என்றே
மூன்று மாதமாய்ச் சொல்லிவந்த கியாரா
போன செவ்வாய்க்கிழமை,
பாட்டில் மூடிகளை அடுக்கும்போது,
ஆறைக் கண்டுபிடித்தாள்.
கேஸ்வாவின் படிவத்தில்
அதற்குக் கட்டம் இல்லை.

புதன்கிழமை டர்பனில் விசாரணை.
ஆளுக்கு மூன்று நிமிடம்.
என் கொழுந்தன் சாக்ரன் சங்கத்து ஆள்,
உரை எழுதித் தந்தான்.
மூன்று இடத்தில் சிவப்பு மையால் குறித்திருந்தான்:
இங்கே மேசையைத் தட்டவும்.
குளியலறையில் தட்டிப் பழகினேன்.

கிளம்பும் நேரம் அனாதியின் அம்மா வரவில்லை.
ஷிப்டு நீண்டுவிட்டதாம்.
பல் முளைக்கும் பிள்ளை,
மூன்று நாளாய்ப் பொட்டுத் தூக்கமில்லை.
தெம்பிசிலே துண்டால் என் முதுகில் கட்டிவிட்டாள்.
இருபத்தாறு வருஷ வேலையில்
அந்த முடிச்சு மட்டும் எனக்கு வரவே இல்லை.
டாக்ஸியில் ஸ்பீக்கர் நெஞ்சை உலுக்கியது.
அதில்தான் தூங்கினாள், கள்ளி.

உம்லாசியிலிருந்து, பீனிக்ஸிலிருந்து, இனாண்டாவிலிருந்து
வந்த பெண்கள் சுவரோரம் நின்றார்கள்.
எல்லார் தோளிலும் அதே
காய்ந்த பால் கறை.

"திருமதி கனகவதி மூட்லி."

மைக்கைத் தள்ளி வைத்தேன்.
"சத்தமாகப் பேசுங்கள்" என்றார் தலைவர்.
"முடியாது ஐயா. தூங்குகிறாள்."

யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள்.
ஒன்பது நாற்காலிகள் கிறீச்சிட்டு
முன்னால் நகர்ந்தன.
நான் தாலாட்டும் குரலில்
வாடகையைச் சொன்னேன், பருப்பு விலையைச் சொன்னேன்,
ஆறைச் சொன்னேன்.
மேசையைத் தட்டவேண்டிய மூன்று இடத்திலும்
கை தானாகப் பின்னால் போய்
முதுகைத் தட்டியது.
கடைசியில் அதையே கேட்டேன்:
எந்த நான்கு பிள்ளையை
நான் நாளைக்கு வாசலில் நிறுத்தட்டும்?
பெயர் சொல்லுங்கள்,
அவர்கள் அம்மாக்களிடம் சொல்லிவிடுகிறேன்.

மணிக்காரர் மணியை அடிக்கவில்லை.
மறந்தாரோ, மனமில்லையோ.

பிறகு ஒருவர் தொண்டையைக் கனைத்து
இரண்டாவது கழிப்பிடம் பற்றிக் கேட்டார்.
கடிதம் வரும் என்றார்கள்.
வரும்.
கடிதத்துக்கு இங்கே என்றும் குறைவில்லை.

டாக்ஸி நிலையத்தில் விழித்துக்கொண்டு
வீறிட்டாள் அனாதி.
வார்விக் சந்தையே திரும்பிப் பார்த்தது.
அந்த மண்டபத்தில் அழுதிருக்கக் கூடாதா என்று
திட்டிக்கொண்டே முன்னால் இழுத்துப் பார்த்தேன்.
கீழ் ஈறில் அரிசி முனைபோல்
வெள்ளையாய் ஒன்று.

அவள் அம்மாவிடம் சொல்லமாட்டேன்.
நடக்கும் முதல் அடியையும் நாங்கள் சொல்வதில்லை.
இரவு கஞ்சி ஊட்டும்போது
கரண்டியில் டிக்கென்று இடறும்.
அவளே கண்டுபிடிக்கட்டும்.